போலும்

முப்பத்தேழில், ஈரமான ஓர் அக்டோபரில்,
டான்யூபுக்குத் தெற்கே ஒரு பீட்ரூட் வயலில்
ஸ்தோய்மென் கர்வனோவ் அதைத் தோண்டி எடுத்தார்.
அன்றிரவு குறிப்பேட்டில் எழுதினார்:
"வாய் அகன்ற மண்கலம். உயரம் முப்பத்திரண்டு செ.மீ.
உள்ளே சாம்பல் நிறப் படிவு.
ஒயின் வண்டல் போலும்."

அவர்மேல் குற்றமில்லை.
பக்கத்துக் குழியில் திராட்சைக் கொடி படர்ந்த கல்தரை.
மேட்டுக்கு அப்பால் யாரோ ஒரு சிற்றரசனின் கல்லறை.
அவர் கையிலும் அப்போது ஒயின்தான் இருந்தது;
தாளின் ஓரத்தில் கோப்பையின் அடிவட்டம்
பழுப்பாக இன்னும் இருக்கிறது.

ஐம்பத்தெட்டில் அச்சான பட்டியலில்
"ஒயின் வண்டல்."
போலும் உதிர்ந்துவிட்டது.
காகிதத் தட்டுப்பாடாக இருக்கலாம்.
எழுபத்துநான்கில்
"அரசர் ஒயின் கலந்த கிண்ணம்."
அரசர் எங்கிருந்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.
அரசர்கள் அப்படித்தான் வருவார்கள்.

நான் இந்த அருங்காட்சியகத்தில் பெயரட்டை எழுதுபவள்.
இருபத்திரண்டு வருடங்களில்
நான்கு முறை அந்த அட்டையை மாற்றியிருக்கிறேன்,
மஞ்சளேறியதால் மட்டும்.
"அரசர்" என்று தட்டும்போது
விரல் ஒருமுறைகூடத் தயங்கியதில்லை.
ஊர் ஒயின் ஆலை அந்தக் கிண்ணத்தைப்
புட்டிகளில் ஒட்டி விற்றது.
கல்யாணங்களில் அதன் நகலில் ஊற்றி
மணமக்கள் மாறி மாறிக் குடித்தார்கள்.
நானும் ஸ்வெதோஸ்லாவும் குடித்தோம்.

அந்த ஆலைதான் பணம் கொடுத்து
வர்ணாவிலிருந்து ராடோஸ்தினாவை வரவழைத்தது,
அரசர் குடித்தது எந்தத் திராட்சை என்று கண்டுபிடிக்க.
அவள் நகக்கண் அளவு படிவைச் சுரண்டினாள்,
அமிலத்தில் கரைத்தாள்,
இருட்டும்வரை நுண்ணோக்கியைவிட்டு எழவில்லை.
பிறகு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னாள்.

பொன்னிறத்தில், இரு முனையிலும் மூடியிட்ட
குட்டிக் குட்டிப் பீப்பாய்கள்.
"ஒயின் பீப்பாய் மாதிரியே இருக்கிறதே" என்றேன்.
"சாட்டைப்புழு முட்டை" என்றாள்.
"மனிதக் குடலில் வாழ்வது."

அரசர் குடிக்கவில்லை.
உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் வெலிச்கோ ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார்,
ஆயிரத்தெழுநூறு வருட நாற்றம்
அப்போதுதான் கிளம்பியதுபோல.
ஆலையிலிருந்து வழக்கறிஞர் கடிதம் வந்தது.
ஸ்வெதோஸ்லாவ் கண்ணில் நீர் வரச் சிரித்தான்,
பிறகு எங்கள் கல்யாணக் கிண்ணத்தை
அலமாரியிலிருந்து எடுத்து
எங்கே வைப்பதென்று தெரியாமல்
நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகுதான் விளிம்பைப் பார்த்தோம்.
கண்ணாடிக்குப் பின்னால்
பள்ளிப் பிள்ளைகளும் பேராசிரியர்களும்
மூக்கை ஒட்டிப் பார்த்த அதே விளிம்பு.
தட்டை. மூன்று விரல் அகலம்.
உதட்டுக்கு எதற்கு மூன்று விரல் அகலம்?

விளிம்புக்குக் கீழே, வெளிப்புறம்,
எதிரெதிராக இரண்டு இடங்கள்
தேய்ந்து வழுவழுத்திருந்தன.
உட்கார்ந்தவர் பிடிக்கும் இடம் அல்ல அது.
தூக்குபவர் பிடிக்கும் இடம்.
கையுறையைக் கழற்றினேன், விதிக்கு மாறாகத்தான்,
என் உள்ளங்கைகளை அங்கே பொருத்தினேன்.
கொஞ்சம் பெரியவை என் கைகள்.

நிறைந்த கலத்தோடு,
முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு,
தளும்பாமல்,
விடியுமுன் அந்தத் திராட்சைக் கொடிகள்மேல்
எத்தனை ஆயிரம் முறை நடந்திருப்பாள்.
ஒரு பட்டியலிலும் அவள் இல்லை.
ஒயின் இருந்தவரை
அவளுக்கு அங்கே வேலை இல்லை.

புதிய அட்டை:
"மலக்கலம். சுட்ட மண்.
தினமும் இதை ஒருவர் சுமந்து சென்றார்.
சிறுமி போலும்."

கடைசிச் சொல்லை அடிக்கச் சொன்னார் வெலிச்கோ.
அருங்காட்சியகத்துக்கு அது அழகில்லையாம்.
அட்டையில் இடம் இருக்கிறது என்றேன்.